தமிழில் மாறிப் பெயர் வைக்கும் கம்பைலர்: வைட் கேரக்டரை நம்பிப் பட்ட பாடு

சின்ன நிரல்மொழி ஒன்றுக்குக் கம்பைலர், அதாவது எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள், எழுதித் தர முடியுமா என்று ஒரு பயிற்சி மையத்திலிருந்து கேட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரலாக்கத்தின் அடிப்படையைச் சொல்லித்தர வேண்டும், கட்டளைச் சொற்களும் மாறிப் பெயர்களும் தமிழில் இருக்க வேண்டும், லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓட வேண்டும். பேசிய தொகை 60,000 ரூபாய், மூன்று தவணை. சொற்களின் அமைப்பைப் புரிந்துகொள்ளும் பார்ஸர், அதைக் கணினிக்கான கட்டளையாக மாற்றும் கோட் ஜெனரேஷன் இரண்டிலும்தான் உயிர் போகும் என்று அவற்றுக்கே அதிக நேரம் ஒதுக்கியிருந்தேன். இரண்டும் பெரிய தொல்லை இல்லாமல் முடிந்தன. மூலக்கோப்பைப் படித்துச் சொல் சொல்லாகப் பிரித்துக் கொடுக்கும் லெக்ஸர் இருக்கிறதே, கம்பைலர் பாடத்தில் முதல் வாரத்திலேயே தாண்டிப்போகும் அந்தப் பகுதி, அதுதான் என் கடைசித் தவணையைத் தின்றது. கேட்க ஆளில்லாமல் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்ததை எழுதிவைக்கிறேன். பைட் மதிப்புகளை எல்லாம் வசதிக்காகப் பதின்ம எண்ணிலேயே தருகிறேன்.

கம்பைலரை எழுதிய மொழி சி. லெக்ஸர் கையால் எழுதியது: ஒரு எழுத்தை எடு, எழுத்தா என்று பார்க்கும் இஸ்ஆல்ஃபா ஆமென்றால் பெயர், எண்ணா என்று பார்க்கும் இஸ்டிஜிட் ஆமென்றால் எண் என்று போகும், எல்லோரும் பார்த்துப் பழகிய லூப். யூனிகோட் குறிகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில், அன்றாடம் எழுதும் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். க என்றால் 224, 174, 149. சாதாரண எக்ஸ்86 கணினியில் சார் என்ற வகைக்குக் கழித்தல் குறி உண்டு, அதனால் 224 உள்ளே வரும்போது −32 ஆகிவிடுகிறது. இஸ்ஆல்ஃபாவுக்கு 0 முதல் 255 வரை கொடுக்கலாம், கோப்பு முடிந்ததற்கான குறியையும் கொடுக்கலாம். வேறு எதைக் கொடுத்தாலும் என்ன நடக்கும் என்பதற்குச் சி தரம் பொறுப்பேற்காது. லினக்ஸில் சத்தமே இல்லாமல் ‘எழுத்து இல்லை’ என்று பதில் வந்தது. விஷுவல் ஸ்டுடியோவின் டீபக் பில்டில் ‘இங்கே தவறு’ என்று நிரலை நிறுத்தும் அசெர்ட் பெட்டி எழுந்து நின்றது. ஏஆர்எம் லினக்ஸில் சார் வகைக்குக் கழித்தல் குறியே கிடையாது, அங்கே இந்தக் கோளாறு தலைகாட்டுவதே இல்லை. மூன்று கணினி, மூன்று நடத்தை. சார் மதிப்பை இந்த ஃபங்ஷன்களுக்குக் கொடுக்கும் முன் அன்சைன்டு சார் ஆக மாற்றுங்கள் என்பார்கள். மாற்றினால் அசெர்ட் போகும், தமிழ் வராது.

தமிழ் வர என்ன வழி என்று தேடினால் எல்லாரும் கைகாட்டுவது வைட் கேரக்டர்தான், அதாவது எழுத்துகளை ஒரு பைட்டைவிட அகலமான, ஒரே அளவு எண்களாக வைத்துக்கொள்ளும் வகை. 1995இல் சி தரத்துக்கு வந்த திருத்தம் அதற்கென்றே தனி ஹெடர்களைக் கொண்டுவந்தது. கணினியின் மொழி, குறியாக்க அமைப்பான லோகேலை எடுத்துக்கொள்ளும் செட்லோகேல் ஒரு வரி போட்டு, கோப்பை வைட் கேரக்டராகப் படித்து, இஸ்ஆல்ஃபாவுக்குப் பதில் அதன் வைட் வடிவத்தைக் கூப்பிட்டால் போதும் என்றார்கள். செய்தேன். என் லினக்ஸ் கணினியில் ‘நிறை’ ஓடியது, ‘விலை’ ஓடியது. ‘மதிப்பு’ என்று எழுதியதும் பாதியில் அறுந்தது. மதிப என்று ஒரு பெயர், அடுத்து ‘புரியாத குறி’ என்று பிழை, அடுத்து பு தனியாக. காரணம் புள்ளி. யூனிகோடின் ‘ஆல்ஃபபெட்டிக்’ பண்பு தமிழ் உயிர்க்குறிகளைச் சேர்த்துக்கொள்கிறது, புள்ளியைச் சேர்த்துக்கொள்வதில்லை. மெய்யெழுத்து இல்லாமல் தமிழில் என்ன பெயர் வைக்க முடியும்? பல, கட, நட என்று வேண்டுமானால் வைக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு தகவல், எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதால். கோ மொழி இதைவிடக் கறார். அதன் வரையறை, பெயரில் எழுத்து வகைக் குறிகளும் எண்களும் அடிக்கோடும் மட்டுமே வரலாம் என்கிறது. தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து வகையில் இல்லை, சார்பு குறி வகையில் இருக்கின்றன. அதனால் ‘தமிழ்’ என்ற சொல்லே கோ மொழியில் மாறிப் பெயராக முடியாது. பைத்தான் 3இல் முடியும். பைத்தான் பார்ப்பது ‘எழுத்தா’ என்ற கேள்வியை அல்ல; பெயரின் தொடக்கத்தில் வரலாமா, நடுவில் வரலாமா என்று யூனிகோட் தனியாகவே வைத்திருக்கும் எக்ஸ்ஐடி ஸ்டார்ட், எக்ஸ்ஐடி கன்டின்யூ என்ற இரண்டு பண்புகளை. தமிழின் உயிர்க்குறிகள், புள்ளி, ௦ முதல் ௯ வரையிலான எண்கள் எல்லாம் இரண்டாவதில் இருக்கின்றன. லெக்ஸர் எழுதுகிறவர் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. யூனிகோட் கன்சார்டியம் வெளியிடும் டிரைவ்டு கோர் பிராப்பர்ட்டீஸ் என்ற உரைக்கோப்பில் எல்லாம் வரம்பு வரம்பாக இருக்கிறது. அதிலிருந்து ஒரு அட்டவணை செய்து பைனரி சர்ச் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது, எந்த லைப்ரரியும் வேண்டாம்.

அட்டவணையைச் சேர்த்ததும் லினக்ஸில் எல்லாம் ஓடியது. அந்தத் தெம்பில் பயிற்சி மையத்தின் லேபில் செயல்விளக்கத்துக்குப் போனேன். விண்டோஸ் கணினிகள். முதல் நிரலைத் திறந்து ஓட்டினேன், முதல் வரியிலேயே பிழை, அடுத்த வரியிலும் பிழை, திரை முழுக்கப் பிழை. பிழைச்செய்திக்குள் க இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடு போட்ட சின்ன ஏ, வட்டத்துக்குள் ஆர், ஒரு கருப்புப் பொட்டு. தமிழில் கணினி பழகிய எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்திருக்கிற குப்பைதான். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

நடந்தது இதுதான். வைட் கேரக்டராகப் படி என்றால், பைட்டுகளை எந்தக் குறியாக்கத்தில் பொருள் கொள்வது என்பதை லோகேல் முடிவு செய்கிறது. லினக்ஸில் அது யூடிஎஃப்-8. விண்டோஸில் செட்லோகேலுக்கு வெற்றுச் சரம் கொடுத்தால் வருவது அந்தக் கணினியின் ஆன்சி கோட் பேஜ், அதாவது யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்து அட்டவணை. லேபில் அது 1252, மேற்கு ஐரோப்பியர்களுடையது. தமிழுக்கு அப்படி ஒரு கோட் பேஜை மைக்ரோசாஃப்ட் உருவாக்கவே இல்லை, விண்டோஸில் தமிழ் ஆரம்பத்திலிருந்தே யூனிகோட் மட்டும். ஆகவே கண்ட்ரோல் பேனலில் எதை மாற்றினாலும் பழைய விண்டோஸில் இது சரியாகாது. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 லோகேலைக் கேட்டு வாங்கலாம். லேபில் இருந்ததோ அதற்கு முந்தியவை. வீட்டில் விண்டோஸ் இல்லை என்பதால் செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டாவது தவணையில் முக்கால்வாசி அதற்குப் போயிற்று.

அந்த லேப்டாப்பில் தெரிந்த அடுத்த விஷயம்: வைட் கேரக்டரின் அகலமே ஊருக்கு ஊர் வேறு. லினக்ஸில் 32 பிட், விண்டோஸில் 16 பிட். தமிழ் முழுக்க 16 பிட்டுக்குள் அடங்கிவிடும், நமக்கென்ன என்று சொல்கிறவர்கள் உண்டு. 2019இல் வந்த யூனிகோட் 12 தமிழுக்கென்று இன்னொரு தொகுதியைச் சேர்த்தது. பழைய பின்னக் குறிகள், அளவைக் குறிகள் என்று 51. அவை எல்லாமே 16 பிட் எல்லைக்கு வெளியே இருக்கின்றன, விண்டோஸில் ஒவ்வொன்றும் இரண்டு துண்டாகத்தான் வரும். அதுவரைக்கும் போவானேன், பிள்ளைகள் சரத்துக்குள் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டாலே இதே கதை. நீளம் கேட்டால் லினக்ஸில் 1, விண்டோஸில் 2. ஒரே நிரல் இரண்டு இடத்தில் இரண்டு விடை கொடுத்தால் மாணவனிடம் என்ன சொல்வது?

வைட் கேரக்டர் ஏன்தான் வந்தது என்று எரிச்சலோடு தேடிப் படித்தபோது ஜப்பானியர்களின் ஷிஃப்ட்-ஜிஸ் பற்றித் தெரிந்துகொண்டேன். அந்தக் குறியாக்கத்தில் ஒரு எழுத்தின் இரண்டாவது பைட் சாதாரண ஆஸ்கி எண்ணாகவும் இருக்கலாம். ‘அட்டவணை’ என்று பொருள் தரும் கான்ஜி எழுத்து 149, 92. இந்த 92 நம் பின்சாய்வுக்கோடு. சி நிரலில் இரட்டைச் சாய்வுக்கோட்டுக் குறிப்பு ஒன்று அந்த எழுத்தில் முடிந்தால், வரியின் கடைசியில் பின்சாய்வுக்கோடு இருக்கிறது என்று எண்ணிக் கம்பைலர் அடுத்த வரியையும் குறிப்போடு சேர்த்துக்கொள்ளும். அடுத்த வரியில் இருந்த கட்டளை ஓடவே ஓடாது, பிழையும் வராது. இப்படிப்பட்ட குறியாக்கங்களோடு வாழ்ந்தவர்களுக்கு, எல்லாவற்றையும் ஒரே அகலமாக மாற்றிவிட்டுப் பிறகு பிரிப்பது பிழைக்கும் வழியாகத் தெரிந்ததில் நியாயம் இருக்கிறது. யூடிஎஃப்-8இல் அந்தச் சங்கடமே இல்லை. பல பைட் எழுத்தின் ஒவ்வொரு பைட்டும் 128 அல்லது அதற்கு மேல்தான். அடைப்புக்குறி, மேற்கோள், பின்சாய்வுக்கோடு எதுவும் தமிழ் எழுத்துக்குள் ஒளிந்திருக்க வழியில்லை. அப்படியிருக்க எதற்காக அகலப்படுத்த வேண்டும்? பைட்டாகவே ஓட்டலாம். இது புரிந்த ராத்திரி வைட் கேரக்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அழித்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது.

புதிய வடிவம் எளிமையானது. கோப்பை முழுசாக பைனரி முறையில் நினைவகத்தில் ஒரு பஃபருக்குள் படி. தொடக்கத்தில் 239, 187, 191 இருந்தால் அது பாம் (BOM) என்ற தொடக்க அடையாளக் குறி, தாண்டிவிடு. பழைய நோட்பேட் யூடிஎஃப்-8ஆகச் சேமித்தால் இதைக் கேட்காமலே முன்னால் ஒட்டும். முதல் வரியின் கட்டளைச் சொல் மட்டும் ‘தெரியாத பெயர்’ ஆகிறதென்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். 255, 254 என்று தொடங்கினால் யாரோ நோட்பேடில் ‘யூனிகோட்’ என்ற தேர்வைத் தொட்டிருக்கிறார்கள், அது யூடிஎஃப்-16, 16 பிட் அலகுகளில் எழுதும் குறியாக்கம்; அதைப் படிக்க முயலாமல், கோப்பை யூடிஎஃப்-8ஆகச் சேமிக்கச் சொல்லித் தமிழில் ஒரு செய்தி போடு. பிறகு பஃபர் முழுவதையும் ஒரே தடவை சரிபார். 192, 193, 245க்கு மேற்பட்டவை எங்கே வந்தாலும் தவறு (245உம் சேர்த்துத்தான்). 237க்கு அடுத்து 160 அல்லது அதற்கு மேல் வந்தால் அது யூடிஎஃப்-16க்கான அரைத் துண்டு, தவறு. 224 வந்து அதற்கடுத்த இரண்டு பைட் வருவதற்குள் கோப்பு முடிந்துவிட்டால் அதுவும் தவறு. இதைப் பார்க்காவிட்டால் டிகோடர் பஃபரைத் தாண்டிப்போய்ப் படிக்கும். இந்தச் சோதனையை முன்கூட்டியே முடித்துவிட்டால் உள்ளே லெக்ஸர் பயமில்லாமல் ஓடலாம், ஒவ்வொரு இடத்திலும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

இரண்டாம் செயல்விளக்கம் நன்றாகவே நடந்தது. சில நாள் கழித்து அங்கே பாடம் நடத்துகிற மேடத்திடமிருந்து போன். “சார், லேபில எல்லாம் நல்லா ஓடுது. என் வீட்டு மேக்ல மட்டும் அ-ல ஆரம்பிக்கிற பேரு எதையுமே எடுக்க மாட்டேங்குது.” நான் சிரித்துவிட்டேன். “ஆ-வன்னா எடுக்குதா மேடம்?” “எடுக்குது சார். ஆரம்பம்னு வெச்சா ஓடுது. அளவு, அகலம், அடுத்தது எல்லாம் போச்சு. இ, ஈ எல்லாம் ஓடுது. அ மட்டும்தான்.” உயிரெழுத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் ஒதுக்கிவைக்கும் கம்பைலரை நான் கேள்விப்பட்டதே இல்லை. கோப்பை அனுப்பச் சொல்லி வாங்கி, என் கணினியில் ஓட்டினேன். ஓடியது. விண்டோஸிலும் ஓடியது.

தெரிந்தவர் ஒருவரிடம் மேக்கை இரவல் வாங்கி வந்து பைட் பைட்டாக அச்சிட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அ என்றால் 224, 174, 133. லெக்ஸரில் பெயரைப் பிரிக்கும் இடத்தில், நிறுத்தக்குறியா என்பதற்கு என் சொந்த அட்டவணை இருந்தது, வெற்றிடமா என்பதற்கு மட்டும் இஸ்ஸ்பேஸ் இருந்தது. வெற்றிடத்தில் என்ன பிரச்சினை வந்துவிடப்போகிறது! பிழைச்செய்திகளைத் தமிழில் காட்டுவதற்காகச் செட்லோகேல் வரியும் உயிரோடு இருந்தது. மேக்கில் யூடிஎஃப்-8 லோகேல் போட்டிருக்கும்போது இஸ்ஸ்பேஸ், தனக்குக் கிடைத்த பைட்டை ஒரு யூனிகோட் எண்ணாகவே எடுத்துக்கொள்கிறது. யூனிகோடில் 133 என்பது ‘அடுத்த வரி’ என்ற கட்டுப்பாட்டுக் குறி, ஆகவே அது வெற்றிடம். 160உம் வெற்றிடம். அ-வின் கடைசி பைட் வெற்றிடமாகப் போனதும், முன்னால் இரண்டு பைட் அநாதையாக நின்றது, பின்னால் ‘ளவு’ தனிப் பெயராக வந்தது. தமிழ்த் தொகுதியில் 133இல் முடியும் எழுத்து அ ஒன்றுதான். 160இல் முடியும் இடங்களில் எழுத்தே இல்லை. எல்லாம் பொருந்திவந்த அந்த நிமிஷம் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் போன்ற பெரிய திட்டங்களே மேக்கின் இந்த 133இல் இடறியிருக்கின்றன என்று பின்னால் தெரிந்தது. லெக்ஸருக்குள் லோகேலைத் தொடும் ஃபங்ஷன் ஒன்றுகூட இருக்கக்கூடாது: இஸ்ஸ்பேஸ் கூடாது, டூலோயர் கூடாது, தசமப் புள்ளியைக் காற்புள்ளியாக எதிர்பார்க்கக்கூடிய எஸ்டிஆர்டுடி கூடாது. 256 இடம் கொண்ட சொந்த அட்டவணை ஒன்று போதும், அது எந்தக் கணினியிலும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

திருத்தம் ஒரு வரி. அதற்குள் அவர்களுடைய வகுப்பு தொடங்கும் தேதி போய்விட்டது. இந்தத் தடவை ஆங்கிலத்திலேயே நடத்திக்கொள்கிறோம் என்றார்கள். கடைசித் தவணை 20,000 வரவில்லை. எழுத்தில் எந்தெந்த இயங்குதளம் என்று போட்டுக்கொள்ளாமல் தொகை பேசாதீர்கள். ‘விண்டோஸ்’ என்று மட்டும் எழுதினாலும் போதாது, எந்தப் பதிப்பு என்று எழுதுங்கள். மேக் எங்கள் பேச்சிலேயே இல்லை என்று நான் சொன்னது எடுபடவில்லை.

பணம் போனபின்னும் விடாமல் சரிசெய்தது பெயர்களை ஒப்பிடும் விதத்தை. ‘தொகை’ என்று ஒருவர் அறிவித்த மாறியை இன்னொருவர் பயன்படுத்தினால் ‘தொகை அறிவிக்கப்படவில்லை’ என்று வந்துகொண்டிருந்தது. திரையில் இரண்டும் ஒன்றே. ஒருவருடைய விசைப்பலகை ஒகரக் குறியை ஒரே குறியாக அனுப்பியது, மற்றவருடையது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக அனுப்பியது. யூனிகோட் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது, ஆனால் பைட் ஒப்பீட்டுக்கு அது தெரியாது. ரஸ்ட் மொழி இதற்காகப் பெயர்களை என்எஃப்சி என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுகிறது, பைத்தான் அதை ஒத்த என்எஃப்கேசிக்கு. முழு என்எஃப்சி பெரிய வேலை என்று பயப்பட வேண்டாம். பெயர்களில் ஆஸ்கியும் தமிழும் மட்டும் அனுமதி என்று வைத்துக்கொண்டால் சேர்க்க வேண்டிய ஜோடிகள் நான்குதான்: ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, அப்புறம் ஔ என்ற உயிரெழுத்து. பெயர்களை வைத்திருக்கும் குறிப்பட்டியலில் சேர்ந்த வடிவத்தை வையுங்கள், பிழைச்செய்தியில் பயனர் எழுதியதை அப்படியே காட்டுங்கள்.

பிழை எந்த இடத்தில் என்று கீழே அம்புக்குறி போடும் ஆசையை நான் விட்டுவிட்டேன். ‘மதிப்பு’ என்ற சொல் 21 பைட், 7 குறி, நம் கணக்கில் 4 எழுத்து, டெர்மினலில் எத்தனை கட்டம் என்பது அந்த டெர்மினலின் இஷ்டம். அம்புக்குறி எப்போதும் தள்ளிப்போய்த்தான் நிற்கும். வரி எண்ணைச் சொல்லி, தவறான சொல்லையே மேற்கோளுக்குள் திரும்பக் காட்டினால் பிள்ளைகளுக்கு அதுதான் புரிகிறது. எடிட்டரோடு இணைக்கப்போகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: எடிட்டரும் மொழிக் கருவிகளும் பேசிக்கொள்ளும் முறையான லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால், வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால், இடத்தை யூடிஎஃப்-16 அலகில்தான் எண்ணும். 3.17 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 வேண்டும் என்று கேட்கலாம்.

என்எஃப்சி தீர்க்காத சிலவும் உண்டு. ஸ்ரீ, ஶ்ரீ இரண்டும் பல எழுத்துருக்களில் ஒரே மாதிரி தெரியும், உள்ளே வேறு வேறு எழுத்து. பின்னதன் முதலெழுத்து 2005இல்தான் யூனிகோடுக்கு வந்தது. ஔ என்பதை ஒ, ள என்று இரண்டாகத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை யூனிகோட் சமமாகக் கொள்வதில்லை. ௧ என்ற எண்ணும் க-வும், ௨ என்ற எண்ணும் உ-வும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. இணையப் பக்கத்திலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் ஒட்டும்போது அகலமே இல்லாத இணைப்பான் குறிகள் பெயருக்குள் புகுந்துவிடும். இவற்றில் அகலமில்லாக் குறிகளைச் சரத்துக்கும் குறிப்புக்கும் வெளியே பார்த்தால் நேராகப் பிழை என்று நிறுத்துகிறேன். தமிழ் எண்களைப் பெயருக்குள் விடுவதில்லை, யூனிகோட் அனுமதித்தாலும். ஸ்ரீக்கு எச்சரிக்கை மட்டும். பெயரில் ஸ்ரீ வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர், அவர்கள் முதலில் எழுதும் நிரலே தங்கள் பெயரை அச்சிடுவதாகத்தான் இருக்கும்.